சிற்பியின் கரமும் ஆலயத்தார் கையொப்பமும்

புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் மரத்தடியிலும் தகரக் கொட்டகையிலும் தொடங்கிய வழிபாடு, இன்று கோபுரமும் விமானமும் கொண்ட ஆலயங்களாகப் பொலிவதைக் காண்கின்றோம். திருவிழா நாளில் கோபுரத்தை நோக்கிக் கரங்குவிக்கும் மெய்யன்பர்கள், அதனைச் சமைத்த கரங்கள் எவ்வாறு இந்நாட்டிற்கு வந்தன என்பதையும் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

சுவாமிமலையில் வார்க்கப்படும் பஞ்சலோகத் திருமேனியைப் பெட்டியிலிட்டுக் கப்பலில் வரவழைத்துவிடலாம். கோபுரத்துச் சுதைவேலை அத்தகையதன்று. சாரத்தின்மீது ஏறி நின்று, கலவை இறுகுமுன் உருவம் பிடிக்க வேண்டிய கலை அது. ஆதலின் சிற்பியே நேரில் வந்தாக வேண்டும். அயல்நாட்டவர் இங்குத் தொழில் புரிய, குடிநுழைவு இலாகாவின் அனுமதி தேவை. அதற்கு ஆலய நிர்வாகமே முதலாளியாகப் பொறுப்பேற்று விண்ணப்பித்தல் வேண்டும்.

முதலாளி அழைக்க, கடல் கடந்து வருதல் நமக்குப் புதிதன்று. 1907ஆம் ஆண்டில் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதிக்குத் தோட்ட முதலாளிமார் பணம் செலுத்தினர். கங்காணி திரட்டிய ஆட்களுக்கு அந்நிதியிலிருந்தே கப்பற்கட்டணம் கொடுக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இம்முறையில் ஆட்கள் வந்தனர். அழைத்தவர் கையில் வந்தவரின் வாழ்வு எவ்வளவு அடங்கிக் கிடந்தது என்பதை நம் குடும்பங்கள் நன்கறியும். இன்றோ, அவ்வாறு வந்தோரின் பேரப்பிள்ளைகளே முதலாளி என்னும் இடத்தில் கையொப்பமிடுகின்றனர்.

அக்கையொப்பத்தின் பாரம் பெரிது. அனுமதி குறித்த காலத்திற்கும் குறித்த முதலாளிக்கும் மட்டுமே உரியது. புதுப்பிக்கும் நாள் தவறினால், நேற்று வரை மாலை மரியாதை பெற்ற சிற்பி இன்று சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார். செல்லத்தக்க அனுமதியில்லாதவரை வேலைக்கு வைப்போருக்கு, ஆளொருவருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கக் குடிநுழைவுச் சட்டம் இடமளிக்கின்றது. ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இப்பொறுப்பையும் முறைப்படி ஒப்படைத்தல் அவசியம். பாதுகாப்பின் பெயரால் பிறர் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வதும் 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமேயாகும்.

இன்னொன்றும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாத இந்தியத் தொழிலாளர், மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் தங்கள் அரசின் குடியகல்வு அனுமதியைப் பெற வேண்டும். இளமையிலேயே உளி பிடித்துத் தந்தையிடம் தொழில் பயின்ற சிற்பிக்குக் கைத்திறனே சான்றிதழ். காகிதச் சான்று கேட்கும் உலகில் அவர் திறனற்றவராகத் தோன்றக்கூடும். அவருடைய ஊதியத்தையும் உறைவிடத்தையும் வேலைக் காலத்தையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதித் தருவது, அத்தகையவருக்கு நாம் அளிக்கும் முதல் காப்பாகும்.

கும்பாபிஷேகத்தன்று சிற்பிக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம், நல்ல வழக்கம். அதற்கு முன்பே அவருடைய ஊதியம் பாக்கியின்றித் தீர்ந்திருக்க வேண்டும். கடப்பிதழ் அவர் கையிலேயே இருக்க வேண்டும். ஊர் திரும்பும் பயணச்சீட்டும் ஆயத்தமாயிருக்க வேண்டும். பாட்டன்மார் பட்ட துயரை நினைவிற்கொண்ட ஆலயத்தார்க்கு, இதுவும் திருப்பணியின் ஓர் அங்கமேயாகும்.