காளானின் குடைத்தோல்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தால், புல்வெளிகளில் காளான்கள் குடை விரிக்கக் காணலாம். அக்குடையின் மேற்புறத் தோலை அறிவியலார் 'பைலிபெல்லிஸ்' என்பர். இலத்தீனில் 'பெல்லிஸ்' என்றால் தோல்; ஆகவே நாம் 'குடைத்தோல்' எனலாம்.

இத்தோல் நுண்ணிய பூஞ்சையிழைகளால் ஆயது. இழைகள் படுத்துக் கிடப்பின் அது 'கியூட்டிஸ்'. நாம் கடையில் வாங்கும் மொட்டுக் காளானின் தோல் இவ்வகையே. இழைகள் நிமிர்ந்து நின்று, குடை வெல்வெட்டைப் போலத் தோன்றினால் அது 'ட்ரைக்கோடெர்ம்'. படுத்த இழைகள் கூழாகி வழுவழுத்தால் 'இக்ஸோகியூட்டிஸ்'.

இப்பெயர்களை அறிவதால் என்ன பயன்? உயிர்காக்கும் பயன் உண்டு. தோல் எளிதில் உரிந்தால் அக்காளானைத் தின்னலாம் என்பது பல நாடுகளில் வழங்கும் நம்பிக்கை. ஆனால், ஆளைக் கொல்லும் 'அமானிட்டா ஃபலாய்டிஸ்' காளானின் தோலும் எளிதாகவே உரியும்! நச்சு இருப்பது தோலில் மட்டுமன்று, சதையிலுந்தான்.

செதில்களும் அப்படியே. புல்வெளியில் முளைத்து, தின்றவரை வாந்தியெடுக்க வைக்கும் 'குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ்' காளானின் பழுப்புச் செதில்கள் குடைத்தோல் வெடித்து உண்டானவை. சில அமானிட்டாக்களின் வெண்பொட்டுகளோ தோலே அல்ல. மொட்டை மூடியிருந்த உறையின் எச்சங்கள். ஒரு மழை அவற்றைக் கழுவிவிடும், நஞ்சைக் கழுவாது.

நண்பர்களே, குடைத்தோல் இனத்தை ஆராய உதவும். உணவைத் தேர உதவாது.