இங்கிலாந்தில் வென்ற காற்றாலை நிறுவனம் அமெரிக்காவில் ஏன் தடுமாறியது?

கடலுக்குள் காற்றாலை நிறுத்தி மின்சாரம் எடுக்கும் தொழிலில் உலகின் முன்வரிசையில் இருப்பது டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம். இங்கிலாந்துக் கடலில் அது கண்டது பெரிய வெற்றி. அந்த அனுபவத்தோடு அமெரிக்கக் கரைக்குப் போய், கோடிக்கணக்கில் இழந்தது. காற்று இரண்டு இடங்களிலும் நன்றாகத்தான் வீசுகிறது. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

முதலில் நிறுவனத்தைப் பற்றிச் சுருக்கமாக. இதன் பழைய பெயர் டாங் எனர்ஜி. எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியும்தான் அப்போது அதன் பிழைப்பு. பாதிக்குச் சற்று மேலான பங்கு டென்மார்க் அரசிடம் இருக்கிறது. உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991-ல் டென்மார்க்கின் விண்டபியில் அமைந்தது. 11 காற்றாலைகள், மொத்தமே சுமார் 5 மெகாவாட். அந்தத் தொழிலில் வளர்ந்த டாங் எனர்ஜி, 2017-ல் எண்ணெய், எரிவாயுத் தொழிலை விற்றுவிட்டு, மின்சாரம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாவதை 1820-ல் கண்ட டேனிஷ் விஞ்ஞானியின் பெயரைச் சூடிக்கொண்டது.

டென்மார்க் சிறிய நாடு. அங்கேயே இருந்தால் வளர இடமில்லை. பக்கத்திலேயே பிரிட்டன், ஆழம் குறைந்த வடகடல், பெரிய மின்தேவை. யார்க்‌ஷயர் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி ஓர்ஸ்டெட் கட்டிய ஹார்ன்சீ-1 பண்ணையில் 174 காற்றாலைகள், 1,218 மெகாவாட். விண்டபியைப் போல 240 மடங்கு. 2022-ல் அதற்கு அருகிலேயே இன்னும் பெரிய ஹார்ன்சீ-2 இயங்கத் தொடங்கியது.

இந்த வெற்றிக்குப் பொறியியல் மட்டும் காரணமல்ல. பிரிட்டன் அரசு தரும் விலை உறுதியே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. ஆயிரம் யூனிட்டுக்கு இவ்வளவு பவுண்டு என்று ஹார்ன்சீ பண்ணைகளுக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் குறைவதை நிறுவனத்துக்குத் தருவார்கள். மேலே போனால் கூடுதலாக வந்ததை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். அந்த ஒப்பந்த விலை பொது விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஏறும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஹார்ன்சீ-1 பெற்ற விலை 140 பவுண்டு. 2017 ஏலத்தில் ஹார்ன்சீ-2 பெற்றது 57.50 பவுண்டு. இரண்டுமே 2012-ஆம் ஆண்டு விலைவாசிக் கணக்கு. வருமானம் உறுதியானால் கடன் கொடுப்பவர் குறைந்த வட்டிக்குக் கொடுப்பார், மின்சாரம் மலிவாகும்.

எரிபொருள் வாங்கும் செலவில்லாத காற்றாலைக்கு, செலவில் பெரும்பகுதி கட்டும்போதே வந்துவிடுகிறது. எனவே வட்டி சற்று உயர்ந்தாலும் மொத்தக் கணக்கும் மாறும். அவ்வளவு பணத்தை ஒரே நிறுவனம் முடக்க முடியாது. கட்டும் பண்ணையில் பாதிப் பங்கை முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்று, வரும் பணத்தில் அடுத்த பண்ணையைக் கட்டுவது ஓர்ஸ்டெட்டின் வழக்கம். ஹார்ன்சீ-1, 2 இரண்டிலும் அப்படித்தான் செய்தது.

இனி அமெரிக்கா. அங்கே 5 காற்றாலைகள் கொண்ட பிளாக் ஐலண்ட் பண்ணையை நடத்திவந்த டீப்வாட்டர் விண்ட் நிறுவனத்தை ஓர்ஸ்டெட் 2018-ல் 51 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சி மாநிலத்தின் ஓஷன் விண்ட்-1 திட்டத்துக்குத் தேர்வானது. மின்சாரத்தின் விலை அப்போதே முடிவானது. பொது விலைவாசியோடு சேர்ந்து ஏறும் ஏற்பாடு அதில் இல்லை. வீடு கட்ட சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த மேஸ்திரி, கம்பியும் சிமெண்டும் விலை ஏறினால் படும் பாடுதான் அதன் பிறகு. கொரோனா, உக்ரைன் போர், இரும்பு விலை, வட்டி உயர்வு எல்லாம் அடுத்தடுத்து வந்தன.

கப்பலும் சிக்கல். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் கடலுக்குள் உள்ள கட்டுமான இடத்துக்குச் சரக்கு கொண்டுபோக, அங்கேயே கட்டிய கப்பல் வேண்டும் என்கிறது 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம். காற்றாலை நிறுத்தும் பெரிய கப்பல்கள் அப்படி அங்கே கட்டப்பட்டிருக்கவில்லை. கடைசியில் 2023 அக்டோபர் 31 அன்று, மொத்தம் சுமார் 2,200 மெகாவாட் கொண்ட ஓஷன் விண்ட்-1, 2 திட்டங்களைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்கத் திட்டங்களுக்காக அந்தக் காலாண்டில் நஷ்டமாக எழுதித் தள்ளிய மதிப்பு 2,840 கோடி டேனிஷ் குரோனர்.

பிறகு அரசியல் காற்று திசை மாறியது. 2025-ல் அமெரிக்காவில் கட்டிவந்த சன்ரைஸ் விண்ட் பண்ணையின் ஒரு பகுதியை விற்க முயன்றும் நடக்கவில்லை. பங்குதாரர்களிடமே 6,000 கோடி குரோனர் கேட்க வேண்டியதாயிற்று. சில நாட்களிலேயே, ஏறக்குறைய 80 சதவீதம் முடிந்திருந்த அதன் மற்றொரு அமெரிக்கப் பண்ணையான ரெவல்யூஷன் விண்டின் வேலையை நிறுத்தும்படி, தேசப் பாதுகாப்பைச் சொல்லி அமெரிக்க அரசு உத்தரவிட்டது. ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது.

பிரிட்டனின் ஏற்பாடும் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. 2,400 மெகாவாட் ஹார்ன்சீ-4 திட்டத்தை 2024 ஏலத்தில் வென்ற ஓர்ஸ்டெட், 2025 மே மாதமே பணியை நிறுத்திவிட்டது. பொருள் விலையும் வட்டியும் கூடி, கட்டுப்படியாகவில்லை என்றது.

இது நமக்கும் தொடர்புள்ள செய்தி. கடல் காற்றாலைக்கு இந்திய அமைச்சரவை 2024 ஜூனில் 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் என்பது இலக்கு. நாளை நம் கடலுக்கு ஏதாவதொரு நிறுவனம் தேர்வானதாகச் செய்தி வந்தால், எத்தனை மெகாவாட் என்பதோடு நின்றுவிடாதீர்கள். யூனிட் விலை எந்த ஆண்டுக் கணக்கில் முடிவானது, விலைவாசியோடு ஏறுமா, வட்டி உயர்ந்தால் சுமை யாருக்கு, நிறுத்தும் கப்பல் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள்.