குளிர்கால ஆற்று மீன்பிடிப்புக்கான ஈத்தூண்டில் கோல்

ஈத்தூண்டில் கோல் என்பது, இறகும் உரோமமும் கட்டிச் செய்த பொய் ஈயை ஆற்றில் வீசி மீன்பிடிக்க உதவும் நீண்ட, வளையும் கோல் ஆகும். வட அமெரிக்காவின் மேற்குக் கடலோர ஆறுகளிலும் பேரேரிகளில் கலக்கும் ஆறுகளிலும் குளிர்காலத்தில் டிரவுட், ஸ்டீல்ஹெட் மீன்களை இம்முறையில் பிடிக்கின்றனர். ஸ்டீல்ஹெட் தனி இனமன்று. ஆற்றில் பிறந்து, கடலிலோ பேரேரியிலோ வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் வானவில் டிரவுட்டே அது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் விடப்பட்ட வானவில் டிரவுட்டும் இதே இனம்தான்.

கோலின் மீது பொறித்துள்ள எண்ணை மீனின் எடை என்று புதியவர்கள் நினைத்துவிடுவதுண்டு. உண்மையில் அது, அந்தக் கோல் வீசவல்ல நூலின் எடையைக் குறிக்கும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துச் செல்லும். பொய் ஈக்கு எடை மிகக் குறைவு என்பதால் இங்கே தடித்த நூல்தான் ஈயைச் சுமந்து செல்கிறது. அந்நூலின் முதல் 30 அடி, 5ஆம் எண்ணில் ஏறத்தாழ 9 கிராமும், 8ஆம் எண்ணில் ஏறத்தாழ 13.6 கிராமும் இருக்கும்.

ஆற்று டிரவுட்டுக்கு 9 அடி நீளமுள்ள 5ஆம் எண் கோல் போதும். ஸ்டீல்ஹெட்டுக்கு 10 அடி நீளத்தில் 7 அல்லது 8ஆம் எண் வேண்டும். மெல்லிய கோலில் பெரிய மீனைப் பிடிப்பதே திறமை என்று சிலர் கருதுவர். அது மீனுக்குக் கேடு. போராட்டம் நீள நீள மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. களைத்த மீன், விடுவிக்கப்பட்ட பின்பும் இறக்கக்கூடும். வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் ஸ்டீல்ஹெட் 2007 முதல் அமெரிக்கச் சட்டப்படி, அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான மீனாகப் பாதுகாக்கப்படுகிறது. இத்தகைய மீன் தற்செயலாகச் சிக்கினாலும் விரைவில் அருகே இழுத்து, தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு வலுவான கோல் தேவை.

தண்ணீர் 4 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் மீன், ஓட்டம் குறைந்த ஆழமான மடுக்களில் அதிகம் அசையாமல் கிடக்கும். இரையைத் துரத்தி வராது. ஈயை ஆற்றடியில், நீரோட்டத்தின் வேகத்திலேயே அதன் வாயருகே மிதந்துவரச் செய்ய வேண்டும். நீண்ட கோல், நூலை நீர்ப்பரப்புக்கு மேலே தூக்கிப் பிடித்து இதை எளிதாக்குகிறது. மரங்கள் அடர்ந்த கரையில் நூலைப் பின்னால் வீச இடமிராது. அங்கே 12 முதல் 14 அடி வரையிலான இருகைக் கோல்கள் பயன்படுகின்றன. இந்த வீச்சுமுறைக்கு ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரே வழங்குகிறது.

உறைகுளிரில் நூல் இழுத்துவரும் நீர், கோலின் வளையங்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே அகன்ற வளையங்கள் கொண்ட கோல் நல்லது. நூலை அடிக்கடி உள்ளிழுக்காமல் ஒரே நீளத்தில் வீசினால் அடைப்பு குறையும். பனிக்கட்டியை விரலால் தட்டி உடைத்தால் கோலின் நுனி ஒடியலாம். கோலை ஆற்றில் சற்று நேரம் முக்கிவைத்தாலே கட்டி கரைந்துவிடும். அந்நேரத்தில் காற்றைவிட ஆற்றுநீரே வெதுவெதுப்பானது.