63 பர்சென்ட்டில் நின்ற நீரோ!

பனியன் ஊரில் எதுவும் நிற்கக்கூடாது சார்! நிட்டிங் நின்றால் கட்டிங் நிற்கும், கட்டிங் நின்றால் பவர் டேபிள் ஈயோட்டும். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டாலோ சரக்கைச் சொந்தக் காசில் விமானம் ஏற்ற வேண்டும். லாபம் அம்பேல்! இப்பேர்ப்பட்ட திருப்பூரில் பாதியில் நின்று பலரை அழவைத்த ஒரு வஸ்து உண்டு. அதுதான் சி.டி. ரைட்டர்.

2001-ல் நான் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். இன்டர்நெட் டெலிபோன் ஒயரில் முக்கி முனகி வந்த காலம். கனமான பிரிண்டிங் டிசைன்களை மெயிலில் அனுப்புவது நடக்கிற கதையா? சி.டி.யில் ஏற்றி கூரியரில் அனுப்புவோம். பையர் 'ஓகே' சொன்னால்தான் துணியில் பிரிண்ட் விழும்.

அதற்கு எங்களிடம் இருந்தது 'நீரோ'. 1997-ல் ஜெர்மனியில் பிறந்த சாஃப்ட்வேர். ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்வார்களே, அதே நீரோவின் பெயர்தான்! (ரோம் எரிந்தது கி.பி. 64-ல். பிடில் வந்தது அதற்குப் பல நூறு வருஷம் கழித்து. அது வேற விஷயம்!)

ஒரு சாயங்காலம். கூரியர் வண்டி வர நாற்பது நிமிஷம். நீரோ 63 பர்சென்ட்டில் நின்று, எரர் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. மேனேஜர் மேஜையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்ண்ணா, ரெண்டாவது சி.டி.யும் போச்சுங்ளே?" என்றேன் சிஸ்டம் அண்ணாவிடம்.

"நிட்டிங் மெஷின்ல ஃபீடர் பாத்திருக்கியா கண்ணு? கோன்ல நூல் கொஞ்சம் இழுத்தாலும் ஊசிக்குத் தெரியாம இருக்க, நாலு சுத்து நூலைச் சேத்து வெச்சிருக்குமில்ல? அந்த மாதிரி ரைட்டருக்குள்ள பஃபர்னு ஒண்ணு இருக்குது. அதுல டேட்டா தீந்து போச்சுன்னா அவ்வளவுதான்!"

விஷயம் இதுதான். நூல் அறுந்தால் நிட்டிங் மெஷின் நிற்கும், சிவப்பு லைட் எரியும், முடிச்சுப் போட்டு ஓட்டலாம். அந்தக் கால ரைட்டரில் லேசர் நடுவில் நின்றால் முடிச்சுப் போட வழியில்லை. சி.டி.யில் பூசிய சாயத்தைச் சுட்டது சுட்டதுதான். 8 மடங்கு வேகத்தில் செகண்டுக்கு 1,200 கே.பி. டேட்டா வேண்டும். 2 எம்.பி. பஃபர் ரெண்டு செகண்ட்கூடத் தாங்காது! அறுந்த நூலை முடிச்சுப் போடும் வித்தையை சான்யோ கம்பெனி 'பர்ன்-ப்ரூஃப்' என்ற பெயரில் 2000-ல் கொண்டுவந்தது. எங்கள் டிரைவ் அதற்கு முந்தைய ஜாதி.

அண்ணா முதலில் பார்த்தது, திரையில் பஃபர் அளவு காட்டும் பட்டையை. அது சரிந்துகொண்டே வந்து நின்றால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். நிறைந்திருந்தும் நின்றால் கோளாறு சி.டி.யிலோ டிரைவிலோ.

எங்களுக்குச் சரிந்தது. காரணம், ஃபைல்கள் பக்கத்து டிசைன் ரூம் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக வந்துகொண்டிருந்தன. அண்ணா எல்லாவற்றையும் இந்த ஹார்ட் டிஸ்க்குக்கே காப்பி பண்ணினார். ஆன்டி-வைரஸ், ஸ்க்ரீன் சேவர் இரண்டுக்கும் லீவு. வேகத்தை 4 ஆகக் குறைத்தார். பதினெட்டே நிமிஷம்... தட்டு 'டொய்ங்' என்று வெளியே வந்தது! மேனேஜரின் தாளமும் நின்றது.

பழைய சிஸ்டத்தில் இன்றும் சி.டி. எழுதுகிறவர்களுக்கு அண்ணா பாணியில் சில டிப்ஸ்:

* ஆரம்பத்திலேயே நின்றால் வேறு பிராண்ட் சி.டி. போட்டுப் பாருங்கள். சில டிரைவுக்குச் சில சாயம் ஒத்துக்காது.

* நடுவில் இழுத்தால், குட்டிக் குட்டி ஃபைல்களை முதலில் ஒரே இமேஜ் ஃபைலாக்கி, பிறகு எழுதுங்கள். '52' போட்ட சி.டி.க்கு 16 வேகம் போதும்.

* விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஆறு முறை எரர் வந்தால், டிரைவை அதுவாகவே மெதுவான 'பி.ஐ.ஓ.' மோடுக்குத் தள்ளிவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கி, ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் திரும்பும்.

* 99-ல் நின்றால் ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள்! கடைசிப் பகுதியை எழுதி 'மூடி'க்கொண்டிருக்கும். சில நிமிஷம் பொறுங்கள்.

* பஞ்சு பறக்கும் ஊர் இது. டிரைவ் தட்டை மூடியே வையுங்கள்.

இப்போது டிசைன்கள் இன்டர்நெட்டிலேயே பறக்கின்றன. ஆனால் உங்கள் பீரோவில் அக்கா கல்யாண ஆல்பம், அப்பாவின் ஸ்கேன் என்று பழைய சி.டி.க்கள் தூங்கிக்கொண்டிருக்கும். சாயம் வெளுக்காத சரக்கு உலகத்தில் இல்லை என்பதை நம்ம ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா? இந்த ஞாயிற்றுக்கிழமையே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். சி.டி. மேலே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். டேட்டா இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் இல்லை, லேபிளுக்கு நேர் கீழேதான்!