நோவைச் சொன்னால் விசுவாசம் குறையுமா?

உடம்பு நொந்தால் "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்று வாயை மூடிக்கொள்வது எங்கள் வேதக்காரப் பெண்களின் வழக்கம். தபசுகாலத்தில் சீனன்குடாவிலிருந்து பாலையூற்று லூர்து அன்னை கோவிலுக்கு வெறுங்காலோடு நடப்பவர்களும், முழங்காலில் நின்றே சிலுவைப்பாதை முடிப்பவர்களும் எங்களுக்குள் பலர். அதை நான் குறை சொல்லவில்லை.

என் இடுப்பில் 1990ஆம் ஆண்டுச் ஷெல் துண்டொன்று இன்னும் கிடக்கிறது. மாரி வருமுன் எனக்குத்தான் முதலில் தெரியும். நான் நொண்டுவதைப் பார்த்து, "ஆண்டவர் உனக்கென்று தந்த சிலுவை" என்பார்கள். ஷெல் விழுந்தபோது நான் வேதமா சைவமா என்று அது கேட்கவில்லை. பக்கத்தில் நின்று காலை இழந்த என் சிநேகிதி சைவக்காரி. அவளுடைய நோவுக்கு என்ன பெயர் வைப்பது?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றை வாசித்தேன். 2022 மே 15இல் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டவர். குருவானவர் அல்ல, குடும்பக்காரர். 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசரிடம் உத்தியோகம் பார்த்தவர். ஒல்லாந்தத் தளபதி டிலனாயிடம் வேதத்தைக் கேட்டறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. 1749இல் பிடித்தார்கள். அடித்தார்கள், புண்ணில் மிளகாய்த்தூள் தேய்த்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 சனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

வேதத்தை விட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். அந்தச் சொல்லைச் சொல்லாததுதான் சாட்சி, மிளகாய்த்தூள் அல்ல. அவர் நோவைத் தேடிப் போகவுமில்லை. கொண்டுபோகும் வழியில் புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் செபித்து, முழங்கையால் பாறையை இடிக்கத் தண்ணீர் வந்தது என்பது அவ்வூர் மரபு. தாகம் எடுத்தால் புனிதரும் தண்ணீர்தான் கேட்டார்.

அவருடைய மனைவி ஞானப்பூவைப் பற்றிப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. கணவன் விலங்கில், அவள் வெளியே. அந்த மூன்று வருடம் எப்படிப் போயிருக்கும் என்று நம் பகுதிப் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1984 பெப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் மனிதத் துன்பத்தைப் பற்றி ஒரு மடல் எழுதினார். கிறிஸ்துவோடு சேர்த்துப் பார்த்தால் துன்பத்துக்கு அர்த்தம் உண்டு என்று சொல்லும் அந்த மடல், முடிகிற இடத்தில் நல்ல சமாரியனிடம் வருகிறது. வழியில் கிடந்தவனிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகாமல், காயத்தைக் கழுவிக் கட்டியவன் அவன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் செபக் குழுவில் ஒரு அக்கா மார்பில் வந்த கட்டியை எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. காணாமற்போன மகனுக்காக அந்த நோவை ஒப்புக்கொடுத்தாவாம். இன்னொரு தங்கைக்குப் புருஷன் அடித்துக் கை முறிந்தது. அவளுக்கும் "சிலுவையைச் சும" என்றே புத்தி சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. குடிகாரனின் கை எப்போது சிலுவையானது? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் உதவி கேட்கலாம். அவளுக்கு அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்; இன்னும் யோசிக்கிறாள்.

அக்காவை முதலில் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே மார்பையும் கருப்பை வாசலையும் இலவசமாகப் பார்ப்பார்கள். எந்த நாளில் நடக்கும் என்று உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள். அங்கிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரி, பிறகு மட்டக்களப்பு. முதல் மருந்து ஏற்றியபோது அக்கா செபமாலையை விடவேயில்லை. "மகனுக்குத்தான் ஒப்புக்கொடுக்கிறேன்" என்றா. கொடுக்கட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை நாலாவது மருந்து. விடியற்காலை பஸ்ஸுக்கு நானும் கூடப் போகிறேன்.