தூக்குமேடையும் தராசும்

வட்டகொடையில் புகையிரதம் ஏறி, அட்டன், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்குவோர் போகம்பறைச் சிறையின் நெடுமதிலைக் காணாதிருத்தல் அரிது. 1876இல் எழுந்த அச்சிறை 2014இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் மலைநாட்டுத் தொழிலாளருக்கு அதன் பெயரோடு ஒரு துயர நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டெலன்பேர்க் தோட்டத்து வீராசாமியும் வேலாயுதமும் 1942இல் அங்கேதான் தூக்கிலிடப்பட்டனர்.

கம்பளைப் பக்கத்து அத்தோட்டத்தின் துரையான போப் என்பவர், 1941 மே மாதத்து இரவொன்றில் வழிமறித்துக் கொல்லப்பட்டார். தொழிற்சங்கம் கூட்டியவர்களுக்கும் துரைக்கும் முற்றிய பகையே அதற்கு மூலம். கொலை கொலைதான், அதற்கு நியாயம் கற்பிக்க நாம் முற்படவில்லை. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்கு இரையானான். விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. எவர் கழுத்திலும் கயிறு விழவில்லை. தண்டனையின் கொடுமையைக் காட்டிலும் தராசின் இந்தச் சாய்வே லயங்களில் நெஞ்சைச் சுட்டிருக்கும்.

சுதந்திரத்தின் பின் கருத்து மாறலாயிற்று. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா மரண தண்டனையை நிறுத்திவைத்தார். 1958இல் அதற்குச் சட்டமும் பிறந்தது. நோர்வல் மொறிஸ் தலைமையில் ஆராய்ந்த ஆணைக்குழு, நிறுத்தம் நீடிக்கட்டும் என்றே பரிந்துரைத்தது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: தூக்குக் கயிற்றை அவிழ்த்த அதே பிரதமர் 1959 செப்டெம்பரில் துப்பாக்கிக்குப் பலியானார். நாடு கொதித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே தூக்குமேடை மீண்டது. ஆத்திரத்தில் எழுதும் சட்டத்தில் ஓட்டை விழாதிருக்குமா? சுட்டவரான சோமராம 1962 ஜூலை 6இல் வெலிக்கடையில் தூக்கிலேறினார். சதியின் சூத்திரதாரி எனத் தீர்ப்புப் பெற்ற புத்தரக்கித்தரோ உயிர் தப்பினார். மீண்டு வந்த சட்டம், முன்பு நிகழ்ந்த சதிக்குற்றத்தைத் தீண்டாமல் விட்டிருந்தது! மேன்முறையீட்டில் அவருக்கு ஆயுட்சிறையே கிடைத்தது.

1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் நீதிமன்றங்கள் மரண தண்டனையை விதித்தே வந்துள்ளன. 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், தூக்கிலிடும் பணிக்கு இருவர் தேவையெனச் சிறைத் திணைக்களம் விளம்பரம் செய்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்.