கார்டைத் தேய்க்காம பூம்பாறை போகலாம்!

மே மாசம் வில்லாபுரத்து வெயில்ல, "அப்பா, மலைக்குப் போலாம்ப்பா"ன்னு பசங்க ஆரம்பிச்சிடுவாங்க. கையில காசு இருக்காது, கிரெடிட் கார்டைத் தேய்ச்சிடுவோம். 12,000 ரூபாய் செலவு பண்ணி, அதைக் கட்டாம இழுத்தா, மாசம் 3% வட்டின்னு வச்சாலே 360 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி வேற. சுத்துறது ரெண்டு நாள், கட்டுறது பல மாசம்!

மாத்திப் பண்ணுங்க. ஏப்ரல்ல மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு வருஷ ஆர்.டி. ஆரம்பிங்க. அடுத்த லீவுக்கு 12,000 ரூபாய் வட்டியோட கையில இருக்கும்.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கு. கொடைக்கானல் டவுனோட நிறுத்தாம, சுமார் 18 கி.மீ. தள்ளி இருக்கிற பூம்பாறைக்குப் போங்க. படிக்கட்டு மாதிரி வயல், குழந்தை வேலப்பர் கோயில், புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு. வயலை வேடிக்கை பார்க்க டிக்கெட் கிடையாது. பூண்டை விளைவிச்சவங்ககிட்டயே வாங்குங்க. பேரம் பேசுறதுக்கு முன்னாடி, அந்தச் சரிவுல எப்படி வேலை செய்யறாங்கன்னு பசங்களைப் பார்க்க விடுங்க. காசோட அருமை அங்கேயே புரிஞ்சிடும்.

ஆரப்பாளையத்துல இருந்து கொடைக்கானலுக்கு அரசு பஸ் இருக்கு. 5 வயசு வரைக்கும் டிக்கெட் இல்ல, 12 வரைக்கும் அரை டிக்கெட். சொந்தக் கார்னா இ-பாஸ் எடுக்கணும். 2024 மே 7-ல இருந்து இந்த நடைமுறை இருக்கு, கட்டணம் இல்ல.

இன்னைக்கே ஆர்.டி.யைப் போடுங்க. பயணம் முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப பூண்டு வாசம் மட்டும் கூட வரட்டும், கடன் வேண்டாம்!